தூக்கம் பார்த்து வண்டி விடு

"ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குனீங்கண்ணே?"

வைஷ்ணவி கேட்டதும் டிரைவர் முனியப்பன் தலையைச் சொறிந்தார். கோலாப்பூருக்கு இரும்புத் தகடு ஏற்றிய லாரி, தார்ப்பாய் கட்டி முடித்து வாசலில் நின்றது.

"நாலு மணி நேரம் இருக்கும்மா. பக்கத்து வூட்ல நிச்சயதார்த்தம். மைக் செட்டுக்காரன் வுட்டாத்தானே?"

"பத்தாதுண்ணே. இன்னொரு நாலு போட்டுட்டுக் கிளம்புங்க. சார் கண்டிப்பா சொல்லியிருக்காரு."

முனியப்பன் கேபினில் ஏறிப் படுத்தார். தெருவில் இரண்டு ஆட்டோ போவதற்குள் குறட்டை கேட்டது.

வைஷ்ணவி ஆரணிக்காரி. கன்னடம் பேசும் அடுகோடியில் இந்த லாரி ஆபீசுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளி மாநிலம் போகிற வண்டிகளுக்குப் பயணத் திட்டம் போடுவது அவள் பொறுப்பு. பர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா, ஈ-வே பில்லில் வண்டி நம்பர் சரியா, எந்த ஊரில் சாப்பாடு, எங்கே வண்டியை ஓரம் கட்டிப் படுப்பது என்று கல்யாண வீட்டு மூத்த மருமகள் மாதிரி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள்.

செய்துதான் ஆகவேண்டும். முதலாளி ஷ்ரேயாஸ் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். செக்போஸ்டில் ஒரு வண்டி மாட்டினாலும் அவள் ஆரணிக்கு பஸ் ஏறிவிடலாம்.

அவளுக்கு ஆரணிக்குப் போக மனமில்லை. இந்த ஆபீஸ் அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. அதற்கு முக்கியக் காரணம் முதலாளி அன்று கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியம்.

"தூக்க நோடி காடி பிடு."

கன்னடம் அவளுக்கு அரைகுறை. ஆனால் இதற்கு அகராதி தேவைப்படவில்லை. நோடி என்றால் பார்த்து. காடி என்றால் வண்டி. பிடு என்றால் விடு. மரத்தை 'மர' என்கிறவர்கள் தூக்கத்தைத் 'தூக்க' என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்கள்?

டிரைவர் தூங்கினாரா என்று பார்த்து வண்டியை அனுப்பு என்கிற முதலாளி எந்த ஊரில் கிடைப்பார்? அன்று ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டு, எங்க சார் சொக்கத் தங்கம் என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

அந்தச் சொக்கத் தங்கம் இப்போது ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. இறங்கும்போதே கேள்வி.

"தூக்க நோடிதியா?"

"நோடிதே சார். கம்மியாத்தான் இருந்துச்சு. இன்னொரு நாலு போடச் சொல்லிட்டேன்."

ஷ்ரேயாஸின் முகம் வெளிறிவிட்டது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் லாரியிடம் ஓடினார். டயரைக் குனிந்து பார்த்தார். ஸ்பிரிங் பட்டையைத் தட்டிப் பார்த்தார். தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"யாரு ஏத்துனது? நாலு டன்னா? எறக்கு, எல்லாம் எறக்கு!"

வைஷ்ணவிக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் கேட்டு முனியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதலாளியைத் தனியே தள்ளிக்கொண்டு போய்க் கன்னடத்தில் மடமடவென்று பொரிந்து தள்ளினார். இதே ஊர்ச் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர், கேட்பானேன்.

ஷ்ரேயாஸ் வைஷ்ணவியைத் திரும்பிப் பார்த்தார். லாரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தூக்கன்னா எடைம்மா. வெயிட்டு! தூக்கம் இல்ல."

வைஷ்ணவிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் ஒரு வண்டியைக்கூட எடை பார்க்காமல் அனுப்பியிருக்கிறாள். புனேவுக்குப் போனது, நாக்பூருக்குப் போனது, எல்லாமே. பிரேக் பிடிக்காமல் மலைப் பாதையில் ஒன்று உருண்டிருந்தால்? வேலை போகட்டும், யாருடைய உயிருக்கு அவள் பதில் சொல்லியிருப்பாள்? பயத்தில் கண் கலங்கிவிட்டது.

"அட, நீ ஏம்மா அழுவுற?"

முனியப்பன் சட்டைப் பையிலிருந்து எடைமேடை ரசீதை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். அனுமதித்த எடைக்கு உள்ளேதான் இருந்தது. லோடு ஏற்றியதும் தானே போய்ப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"மத்த வண்டிங்க?" என்றார் ஷ்ரேயாஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எல்லாமே எடை போட்டுத்தான் சார் போச்சு. டிரைவருங்க நாங்களே பேசி வெச்சிக்கினோம். இந்தப் பொண்ணுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு."

ஷ்ரேயாஸ் ரசீதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவிழ்த்த கயிற்றைத் தானே இழுத்துக் கட்டினார். நாளையிலிருந்து எடையையும் சேர்த்துப் பார் என்று மட்டும் வைஷ்ணவியிடம் சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் டீ வாங்க அவரே போனார்.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது.

"உங்க எல்லாருக்கும் கன்னடம் தண்ணி பட்ட பாடு. மொத நாளே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லண்ணே?"

மிச்சத் தூக்கத்துக்காகக் கேபினில் ஏறிக்கொண்டிருந்த முனியப்பன் பாதியில் நின்றார்.

"சொல்லியிருப்பேம்மா. இத்தினி வருசத்துல தூங்குனியான்னு எங்கள யாரும் கேட்டதே இல்லியே."