முந்திக்கொண்ட கால்

முதலில் ஜீப் ஓட்டுகிறவரின் கால் பிரேக்கை அழுத்தியது.

அப்புறம்தான் முன்னால் போன வண்டி வேகம் குறைந்தது.

அரை வினாடி இருக்கும். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். இது ஏழாவது முறை.

முன்னால் போவது ஆளில்லாத வண்டி. ஸ்டீரிங் இருந்த இடத்தில் ஒரு பெட்டி. கூரையில் நான்கு கேமராக்கள். தேரிக்காட்டின் செம்மணலில் நாற்பது கிலோமீட்டர் தானாகவே ஓடிக் கடக்க வேண்டும். இப்படி ஒன்பது கல்லூரிகளின் ஒன்பது வண்டிகள்.

ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் அந்தக் கல்லூரியின் ஜீப். அதில் வேறொரு கல்லூரியிலிருந்து ஓர் ஆள். கள்ளத்தனம் கண்டால் வண்டியை நிறுத்தும் பொத்தான் அந்த ஆளின் கையில்.

இங்கே அது அவள் கையில் இருந்தது.

காரணம் சரியென்றால் இந்த வண்டி போட்டியிலிருந்து வெளியே. தவறென்றால் அவளுடைய கல்லூரி வண்டி வெளியே. யாரும் சும்மா அழுத்தக் கூடாது என்று வைத்த விதி.

அவளுடைய வண்டி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருட உழைப்பு. ஐந்து பேர். பொங்கலுக்குக்கூட ஒருத்தியும் ஊருக்குப் போகவில்லை.

முதலாவது, இதோ, இதுதான்.

ஜீப்பை ஓட்டிய பலவேசம் அண்ணாச்சி பேச்சே இல்லாத மனிதர். பேசாத ஆளை அவள் என்றைக்குமே நம்பியதில்லை. நடுவில் ஒரு கடலைமிட்டாயை நீட்டினார். இன்னொரு கை என்ன செய்கிறது என்றுதான் பார்த்தாள். ஸ்டீரிங்கில் இருந்தது.

பேனாவைத் தவறவிட்டதுபோல் குனிந்தாள். பிரேக்குக்குக் கீழே செருப்பு, ரப்பர் மேட், மணல். ஒயர் எதுவும் இல்லை.

ஒயர் எதற்கு? இந்தக் காலத்தில் யார் ஒயர் வைத்துத் திருடுகிறார்கள்?

எட்டாவது முறை. கால். பிறகு வண்டி.

இரண்டு தடங்கள் சேரும் இடத்தில் யாரோ திருஷ்டி கழித்துப் போட்டிருந்தார்கள். குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், இரண்டு பாதியாக.

வண்டி மெதுவாகிப் பழத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

அவளுடைய வண்டியாக இருந்தால் நசுக்கிவிட்டுப் போயிருக்கும். கைப்பிடிக்குள் அடங்கும் எதையும் கண்டுகொள்ளாதே என்று அதற்கு எழுதிக்கொடுத்தவளே அவள்தான். இயந்திரத்துக்கு ஏது திருஷ்டி பயம்? மனுஷன் ஓட்டுகிறான்.

அழுத்தினாள்.

வண்டி நின்றது. ஜீப்பும் நின்றது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“உங்க கால் சொல்லித்தான் வண்டி நிக்குது அண்ணாச்சி. எப்படி?”

“எங் காலா?”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது இன்னும் பிரேக்கின் மேல் இருந்தது. அதை அவரே இப்போதுதான் பார்க்கிறார் என்று அந்த முகம் சொன்னது. நடிப்பாக இருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கினாள்.

“நாலு மாசம் இந்த மணல்ல அந்த வண்டிய நாந்தாம்மா ஓட்டுனேன். நான் ஓட்டுனதப் பாத்துத்தான் அது படிச்சுது. கழிச்சுப் போட்ட பழத்து மேல நான் ஏத்த மாட்டேன்.”

ரேடியோ கரகரத்தது. நடுவர்.

“நாலாம் நம்பர் ஏன் நிக்குது? காரணத்தச் சொல்லும்மா.”

காரணம் அவளிடம் இருந்தது. எட்டு முறை கால், ஒரு பழம். எந்த நடுவரும் நம்புவார். ஒரு நிமிடம் முன்புவரை அவளே நம்பியதுதான்.

பலவேசம் கெஞ்சவில்லை. இறங்கிப் போய், கேமராக்களில் படிந்த மணலைத் துண்டால் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

“சொல்லும்மா.”

“தப்பா அழுத்திட்டேன் சார்.”

“விதி தெரியும்லம்மா?” என்றார் நடுவர்.

முந்திரி மரங்களுக்கு அப்பால் செம்புழுதி ஒன்று இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நல்ல வேகம். அது எந்த வண்டி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புழுதி மெல்ல அடங்கியது.