புகையானுக்கு ஒரு மொட்டை

வரப்பில் கால் வைத்ததுமே மருந்து வாடை யோகலட்சுமியின் மூக்கில் ஏறியது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் முடி இறக்கிவிட்டு, அப்போதுதான் ஆர்.கே.பேட்டை பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. மொட்டையில் பூசிய சந்தனம் காய்ந்து இழுத்தது.

பக்கத்து வயல் பாவாவுடையது. பாவா என்று அவள் கூப்பிடுவது கணவனின் அண்ணன் சிவப்பிரகாசத்தை. அவர் மருந்து அடிப்பது ஒன்றும் புதிதல்ல. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.

காற்றே இல்லை.

குனிந்து தன் நெற்பயிரை விலக்கினாள். நேற்றுவரை தூரில் அப்பிக் கிடந்த புகையான் பூச்சியெல்லாம் செத்துத் தண்ணீரில் மிதந்தது. அதைத் தின்ன வந்த சிலந்திகளும் கூடவே மிதந்தன.

மூன்று வருஷமாக ஒரு பொட்டு மருந்து காட்டாத வயல். கணவனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, வயல் அவள் பாடு. மாட்டு மூத்திரமும் வேப்பங்கொட்டையும் கரைத்துக் கரைத்து, சோறு பிசையும்போதுகூட அவள் கை நாறும். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். திங்கட்கிழமை சான்று கொடுக்கும் ஆபீஸ் ஆட்கள் வந்து பயிரைப் பிடுங்கிச் சோதனைக்குக் கொண்டு போவார்கள். மருந்து இல்லை என்றால் இயற்கை விவசாயச் சான்று கிடைக்கும். இருந்தால் மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு நெல்தாளை முந்தானையால் துடைத்தாள். அடுத்த தாளையும் துடைத்தாள். வயல் முழுக்கத் தாள்.

"யோகா!"

பம்புசெட்டுப் பக்கமிருந்து பாவா வந்தார். அவள் வயல் பூச்சியெல்லாம் தன் வயலில்தான் மேய வருகிறது என்று சண்டை போட்டு, போன வருஷம் பேச்சை முறித்துக்கொண்ட மனுஷர். அவள் எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர். அவர்தான் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"டிரோன்காரன் எனக்கு அடிச்சிகினு இருந்தான். உன்துலயும் சேத்து அடிச்சுடுடான்னு சொல்லிட்டேன். பொம்பள ஒருத்தியா எவ்ளோதான் இடிச்சு, கரைச்சு ஊத்துவ? இனிமே மருந்துக்கு நீ கஷ்டப்படாத, நான் பாத்துக்கறேன்."

மருந்து வாங்க வழியில்லாமல்தான் அவள் வேப்பங்கொட்டை இடிக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

கத்தினால் அடித்த மருந்து திரும்பிப் போகாது. இவர்தான் திரும்பிப் போவார்.

முந்தானையில் முடிந்திருந்த விபூதியை அவிழ்த்து நீட்டினாள். "ஆங், பாவா" என்றாள்.

அவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். அவள் மொட்டையைப் பார்த்து, முருகன் யாரையும் கைவிட மாட்டான் என்று சொல்லிவிட்டுத் தெம்பாக நடந்தார்.

மலையில் அவள் வேண்டிக்கொண்டது இரண்டே இரண்டுதான். புகையான் ஒழிய வேண்டும். பாவா பேச வேண்டும்.

சான்று தன் பாட்டுக்கு வந்துவிடும், அதற்கும் சாமியைத் தொந்தரவு செய்வானேன் என்று கேட்காமலே இறங்கி வந்திருந்தாள்.