பயம் தீரும்வரை தடை

அடிபட்டவரின் பயம் தீரும்வரை அடித்தவர் ஆடக்கூடாது என்பது கால்பந்துச் சங்கத்தின் சட்டம். ஓர் ஆட்டத்தில் ஷாஜின் முழங்கையை ஓங்கி பிரிட்டோவின் தாடையை உடைத்தான். நாலு வருஷமாக மைதானத்துக்கு வெளியே நிற்கிறான். அதே வாரம் இன்னொருவன் தாடையை உடைத்த வின்சென்ட்டுக்கோ ஐந்தே மாதத்தில் தடை நீங்கிவிட்டது.

ஷாஜின் பொறுக்கமாட்டாமல் பிரிட்டோ வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனிக்கே போனான்.

"ஒரே தப்புக்கு அவனுக்கு அஞ்சு மாசம், எனக்கு நாலு வருஷமா? இது நியாயமாலே?"

"நியாயம் இல்லதான் மக்கா. நான் வேணும்னேயா பயப்படுதேன்?" என்றான் பிரிட்டோ.

பயம் தீர்ந்ததா என்று பார்க்கும் மாதாந்திரச் சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமை பிரிட்டோ தவறாமல் வந்தான். நடுவர் அவன் மணிக்கட்டில் பயத்தை அளக்கும் பட்டையைக் கட்டிவிட்டு, பந்தை உயரே எறிந்தார். இருவரும் தலையால் முட்டத் தாவினார்கள். ஷாஜின் கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டுதான் தாவினான். ஆனாலும் பிரிட்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் விழுந்தான். பட்டை சிவப்பாக எரிந்தது.

"பயம் போகல. அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார் நடுவர்.

பிரிட்டோ எழுந்து, தலை குனிந்தபடி, "மன்னிச்சிரு மக்கா" என்றான்.

இந்த நாலு வருஷத்தில் அந்த வார்த்தையைத் தான் ஒருமுறைகூட அவனிடம் சொல்லவில்லை என்பது ஷாஜினுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீயாலே மன்னிப்பு கேக்குத? இனி சோதனைக்கு வரண்டாம்."

"அவன் வராட்டி உன் தடை நீங்காதே" என்றார் நடுவர்.

"தெரியும் சார்" என்றான் ஷாஜின்.