கவிதையோடு வந்த கடிதம்

கவிதையைப் படித்ததும் வார இதழின் ஆசிரியருக்குச் சிலிர்த்தது. கூடவே வந்த கடிதத்தைப் படித்ததும் சந்தேகம் தட்டியது. எழுதியவரை அலுவலகத்துக்கே வரவழைத்துவிட்டார்.

வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

“‘போனது ரயில், போகவில்லை நீ அசைத்த கை.’ இதை நீங்கதான் எழுதினீங்களா?”

“ஆமா சார்.”

“வினைச்சொல்லைத் தூக்கி முன்னால போட்டிருக்கீங்க. ஒரு சொல்கூட அதிகம் இல்ல. ஆனா லெட்டரைப் பாருங்க. ‘மேற்படி படைப்பானது தங்களது மேலான பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டு, ஆவன செய்யப்படுமாறு...’ படிக்கிறவனுக்கு மூச்சு முட்டுது. இப்படி எழுதுற கைக்கு அப்படி எப்படிய்யா வரும்? எங்க சுட்டீங்க?”

மெக்கானிக் நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டினார்.

“சரி, உங்க லிஃப்டைப் பத்தி இங்கயே மூணு வரி எழுதுங்க.” ஆள் மாட்டினான் என்ற நினைப்போடு ஆசிரியர் பேனாவை நீட்டினார்.

ஐந்தே நிமிடத்தில் தாள் திரும்பி வந்தது.

ஏறினார்கள் எல்லோரும்.
இறங்கினார்கள் எல்லோரும்.
இருட்டில் நான், கயிற்றோடு.

ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். குரல் இறங்கிவிட்டது. “அப்போ அந்த லெட்டர்?”

“அதுதான் சார் சுட்டது.” மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “எனக்குக் கவிதைதான் வரும், லெட்டர் எழுத வராது. பெரியவங்க நடையாச்சேன்னு பார்த்து எழுதிட்டேன்.”

“எந்தப் பெரியவங்க?”

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இதுவரை அவருடைய கவிதைகளோடு திரும்பி வந்த பதினோரு கடிதங்கள். ‘மேற்படி படைப்பானது எமது மேலான பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டு...’ என்று தொடங்கிய ஒவ்வொன்றின் அடியிலும் ஆசிரியரின் கையெழுத்து இருந்தது.