கருவிழியில் ஒரு சதுரம்

கேமரா பிளாஷ் வாங்கப் போனால் ஸ்டுடியோக்காரன் சூரியபிரகாஷ் மனைவி முனீஸ்வரியையும் கூட்டிப்போவான். விளக்கின் லட்சணம் எதிரே இருப்பவரின் கருவிழியில் தெரிந்துவிடும் என்பது அவன் கட்சி.

கோரிப்பாளையத்தில் பீர் முகமதின் கேமராக் கடையில் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, முதல் பிளாஷை அடித்துப் படத்தைப் பெரிதாக்கினான். அவள் கருவிழியில் வெள்ளைச் சதுரமாக விளக்கு. இந்தப் பக்கம் கேமராவோடு அவன். அந்தப் பக்கம் இன்னொரு ஆள்.

"பீர் அண்ணே, லைட்டுப் பக்கத்துல நிக்காதீங்க."

"நான் எங்க தம்பி நிக்கிறேன்? தங்கச்சிக்குப் பின்னால திரைத் துணியப் பிடிச்சுக்கிட்டுல்ல இருக்கேன்."

நிமிர்ந்தான். விளக்கருகே யாருமில்லை. கடையிலும் வேறு ஆள் இல்லை. கோளாறு பிளாஷில்தான் என்று அடுத்ததை மாட்டி அடித்தான். அதில் அந்த ஆள் விளக்கைத் தாண்டி முன்னால் வந்திருந்தான்.

மூன்றாவதையும் மாட்டி அடித்தான். முனீஸ்வரியின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. கருவிழிகளில் மட்டும் விளக்கும் இல்லை, கேமராவோடு நின்ற அவனும் இல்லை. முழுக்கக் கறுப்பு.

வெளிச்சத்தில் கூசிய கண்களை மூடிக்கொண்டு முனீஸ்வரி சிரித்தாள். சூரியபிரகாஷ் ஆறடி தள்ளி நின்றிருந்தான்.

"ஏங்க, இம்புட்டுக் கிட்டவா வருவீங்க? மூச்சு மூஞ்சில படுது."