பச்சைமுத்துவின் சந்தேகம்

“அம்மாக்காரி சரியா வளக்காததாலதான் புள்ள பேசாம கீதுன்னு நான் சொன்னேன். நீ இல்லேன்னே. ஏன் இல்லேன்னு இன்னொரு தபா சொல்லு.”

பிரபா கண்களை மூடித் திறந்தாள். பச்சைமுத்து இப்படி வந்து கேட்பது இது ஆறாவது செவ்வாய்க்கிழமை.

மல்லேஸ்வரத்தில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஆட்டிசம் தகவல் மையம். இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள், ஒரு மேஜை, ஒரு டெலிபோன், அவ்வளவுதான். கணவனுக்கு சாஃப்ட்வேர் வேலை கிடைத்து ஈரோட்டிலிருந்து பெங்களூர் வந்தவள் பிரபா. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் இங்கே உட்கார்ந்து, தேடி வருகிறவர்களுக்கு விவரம் சொல்வாள். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதில் பாதியைப் பச்சைமுத்துவே தின்றுவிட்டார்.

ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பேரன் யுவனுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை.

“ஐயா, போன வாரமும் இதையேதானுங்க கேட்டீங்க. ஆட்டிசம் பொறப்புலயே இருக்கறது. வளர்ப்புனால வர்றது இல்லீங்க. இதுல பன்னண்டாம் பக்கத்துல தெளிவா போட்டிருக்கு, பாருங்க.”

மேஜைமேல் இருந்த தமிழ்க் கையேட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“அது கெடக்கட்டும். நீ வாயால சொல்லு.”

“அம்மா மேல தப்பே இல்லீங்க!”

கொஞ்சம் கத்திவிட்டோமோ என்று பிரபாவுக்கே கூச்சமாக இருந்தது. பச்சைமுத்து நிதானமாகத் தலையாட்டிக்கொண்டார்.

“சரி. குக்கர் விசில் அடிச்சா காதைப் பொத்திக்கினு செவுத்துல முட்டிக்கிறான். அதட்டினா இன்னும் ஜாஸ்தி ஆவுது.”

“அதட்டாதீங்க. அந்தச் சத்தம் அவனுக்கு ஊசி குத்தற மாதிரி. குக்கர் வைக்கறதுக்கு முன்னாடியே வேற ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

“எந்த ரூமு? இருக்கறதே ஒண்ணு.”

“அப்ப வாசலுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“வாசல்ல நாய் கொலைக்குதே.”

“அப்ப குக்கரே வேண்டாங்க! பானையில சோறாக்குங்க!”

“அது நல்ல ஐடியா” என்றார் பச்சைமுத்து, கொஞ்சமும் கோபமில்லாமல்.

பிரபா பேனாவை மேஜைமேல் போட்டாள். “ஐயா, ஒரே ஒரு தடவை உங்க மருமகளைக் கூட்டிட்டு வாங்க. நேரா அவங்களுக்கே சொல்லித் தர்றேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

“அவ வரமாட்டா.”

“ஏனுங்க?”

“வரமாட்டா, விடு. அடுத்த வாரம் அவ மூணு நாளு மெட்ராசுக்குப் போறா. மகன் காலையில வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவான். பகலெல்லாம் புள்ளையும் நானும்தான். அதான் கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்.”

“இப்படி ஒரு குழந்தையை விட்டுட்டு மூணு நாளா?” பிரபாவுக்குப் பொறுக்கவில்லை. “என்ன அம்மாங்க அவங்க?”

பச்சைமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? அம்மா மேல தப்பு இல்லேன்னு இப்பத்தான சொன்னே?”

பிரபாவுக்கு முகம் சூடாகிப்போனது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நாலாக மடித்துக் கிழித்தாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு படம் போட்டாள். தண்ணீர் டம்ளர், சோற்றுத் தட்டு, கக்கூஸ், பாய்.

“அவனுக்கு வாயால கேக்க வராது. இதுல எதை எடுத்துக் குடுக்கறானோ, உடனே அதைக் குடுத்துடுங்க. மொதல்ல நீங்களே அவன் கையைப் பிடிச்சு எடுக்கப் பழக்கணும்.”

“எந்தக் கை?”

“எந்தக் கையா இருந்தா என்னங்க!”

“எனக்குத் தெரியணுமில்ல? அவன் ஒழுங்கா இருக்கணும்னு இல்லம்மா. நான் தப்பு பண்ணிடக் கூடாதுன்னு கேக்கறேன்.”

அதன் பிறகு அரைமணி நேரம் பிரபா அலுத்துக்கொள்ளாமல் சொல்லிக் கொடுத்தாள். அவர் மூன்று முறை திரும்பச் சொல்லிக் காட்டினார். இரண்டு முறை தப்பாக. படங்களைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, ஒரு நிமிஷம்.” பிரபா கையேட்டை அவரிடம் நீட்டினாள். “எத்தனை வாரமா கெஞ்சறேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இதை மருமக கையில குடுத்துடுங்க. ஒரு தடவை படிச்சாங்கன்னா அவங்களுக்கும் பையனைப் பத்திப் புரிஞ்சுபோயிரும்.”

பச்சைமுத்து வாங்கிக்கொண்டார்.

“மருமகளைப் பாத்து, உன்னாலதான் என் பேரன் இப்படி ஆயிட்டான்னு மூணு வருஷம் முன்னாடி நாலு பேர் எதிர்ல சொல்லிட்டேம்மா. அத்தோட என்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. எதுன்னாலும் மகன் மூலமாத்தான். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவகிட்ட போய்ச் சந்தேகம் கேக்கறது?”

“அதுக்குத்தானுங்க சொல்றேன், இதைக் குடுங்கன்னு.”

அட்டையில் ‘எழுதியவர்: ஜெயலட்சுமி’ என்று அச்சாகியிருந்த இடத்தில் பச்சைமுத்து விரலை வைத்தார்.

“எழுதுனவ கையிலயே குடுக்கச் சொல்றியேம்மா! மெட்ராஸ் கூட்டத்துல இதைப் பத்திப் பேசத்தான் என் மருமக போறா.”