விரலுக்கும் பெல்லுக்கும் நடுவே

செவ்வாய்தோறும் வீடு வீடாகப் போய் நற்செய்தி சொல்வது டென்மார்க்கிலிருந்து வந்திருந்த நீல்ஸுக்கு இட்ட ஊழியம். காலிங்பெல்லை நோக்கி விரலை நீட்டுவான். விரல் பெல்லைத் தொடாது. சற்று நின்றுவிட்டு, யாரும் திறக்காதது போன்ற முகத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம், “ஜனங்கள் திறக்கிறதில்லை ஐயா” என்பான். அந்தக் கல்நெஞ்சக்காரத் தெருவுக்காகச் சபையே முழங்காலில் நின்று கண்ணீர் வடிக்கும்.

எதிர் மாடியில் துணி காயப்போடும் செண்பகவல்லி வாராவாரம் இதைப் பார்த்து மகளிடம் சொல்வாள்: “ஒருத்தராச்சும் கதவத் தொறக்குறாங்களா பாரு. பாவம்டி!” நீல்ஸ் தமிழை வேதாகமத்தில் படித்தவன். தெருவுக்கு வந்து சேரும் கடைசிச் சொல்லுக்கு அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். காதுமடல் சிவக்க, நடையை எட்டிப் போடுவான்.

ஒரு செவ்வாயன்று தாங்க முடியாமல் அவள் வீட்டு மாடியேறினான். அன்றைக்குத்தான் முதல்முறையாக விரல் பெல்லில் பட்டது. சத்தத்துக்கு அவனே திடுக்கிட்டான். கதவு திறந்தது.

“அம்மா, நீர் என் பாவத்தைக் கண்டீர். நான் ஒரு பெல்லையும் அழுத்தவில்லை. எனக்குப் பயம். சபையாரிடம் பொய் சொன்னேன்.”

செண்பகவல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதுக்கா தம்பி இந்த வெயில்ல அலைஞ்ச? ஐயோ பாவம்!”

“ஆம், பாவம்” என்று தலைகுனிந்தான் நீல்ஸ்.

“உள்ள வந்து உக்காரு.”

தட்டில் தோசை வந்தது. தண்டனை எப்போது வரும் என்று காத்துக்கொண்டே அவன் சாப்பிட்டான்.